பாட்டுக்கு அடியில் ஒரு கீச்சொலி

பக்கவாதம் என் மனைவியின் பேச்சை எடுத்துக்கொண்டு போனபோது ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனது. "இல்ல." பசிக்கிறதா என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறப்பாள். தண்ணீர் வேண்டும் என்பதற்கும் இல்ல, மின்விசிறியைக் குறை என்பதற்கும் இல்ல. தான் சொல்ல நினைத்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். சொல் வெளியே வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அவள் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். நாள் முழுக்கக் குழந்தைகளோடு பாடிவிட்டு வந்து, வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் பாடுவாள். இப்போது வலது கையும் வலது காலும் அரைகுறையாகத்தான் திரும்பியிருந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிராங்கூனில் இருக்கும் அவள் தங்கை முடிந்தபோதெல்லாம் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். நான் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் அளவுக்கருவிகளைச் சோதிப்பவன். அழுத்தமானியும் வெப்பமானியும் உள்ளதை உள்ளபடி காட்டுகின்றனவா என்று பார்த்து முத்திரை ஒட்டுவது என் வேலை. அதைப் பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, காலையில் அவளைப் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தேக்கா பக்கம் உள்ள சிகிச்சை நிலையத்துக்குக் காரில் அழைத்துப் போய்வந்தேன்.

அப்படிப் போன ஒரு காலையில், புக்கிட் தீமா சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தபோது, அவள் பாடினாள்.

காரில் எப்போதும்போல் பழைய படப்பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடிவந்த பாட்டு ஒன்று வந்தது. பல்லவியின் முதல் வரியைப் பாடகி முடித்தாள். இரண்டாவது வரியில் இன்னொரு குரலும் சேர்ந்தது. கொஞ்சம் கம்மிய குரல், ஆனால் சுருதி விலகவில்லை. சொற்கள் ஒவ்வொன்றும் முழுதாக இருந்தன. நான் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் நின்றுவிடுமோ என்று பயம். விளக்கு பச்சையாகிப் பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்த பிறகுதான் காரை நகர்த்தினேன். அவள் அந்த வரியை முடித்துவிட்டு, தானே திடுக்கிட்டவள்போல் வாயில் இடது கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன பாட்டு பாடினே தெரியுமா?" என்றேன்.

"இல்ல," என்றாள். சிரித்தாள்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இளம் வயது. நான் சொன்னதைக் கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அங்கிள், இட்ஸ் எ வெரி குட் சைன். பேசுறது ஒரு பக்கம், பாடுறது இன்னொரு பக்கம் மூளையில. அந்த வழியா உள்ள போய் பேச்ச இழுத்துட்டு வரலாம். தெனம் அதே பாட்டு போடுங்க. ஃபோர்ஸ் பண்ணாதீங்க, பட் விட்டுறவும் விட்டுறாதீங்க. மொத சில மாசம் ரொம்ப முக்கியம் அங்கிள்."

வீட்டில் அதே பாட்டைப் போட்டேன். அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். பயிற்சி அறையில் போட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டாள். காரில் மட்டும் பாடினாள். முன்னால் ஓடும் சாலையும், யாரும் முகத்தைப் பார்க்காத அந்த இருப்பும், அவள் பக்கத்துக் கதவிலிருந்து வரும் பாட்டும் சேர்ந்தால்தான் அது நடந்தது. மறுமுறை இரண்டு வரி. பிறகு ஒருநாள் பல்லவி முழுவதும். நியூட்டன் சந்திப்பு வரும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டுவேன்.

அவள் தங்கைக்குப் போனில் சொன்னபோது அந்தப் பக்கத்தில் ஓவென்று அழுகை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு பெட்டியோடு வந்தாள். உள்ளே கட்டைவிரல் உயர முருகன். பின்னால் மயில்தோகைபோல் விரிந்த சின்னச் சின்ன விளக்குகள், பச்சையும் நீலமுமாக மாறி மாறி எரிபவை.

"வேண்டிக்கிட்டேன் அத்தான். அக்கா வாயில ஒரு வார்த்த வந்துச்சுன்னா அவங்க காருக்குள்ளயே ஒனக்கு வெளக்கு வைக்கிறேன்னு. கார எடுங்க, வித்த கடையிலயே மாட்டித் தருவாங்களாம்."

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் கடைக்காரர் கார் கதவைத் திறந்து குனிந்தார். விளக்கின் ஒரு கம்பியைச் சிகரெட் லைட்டர் துளைக்கான பிளக்கோடு இணைத்தார். மற்றதை டேஷ்போர்டுக்குள் விட்டுப் பாட்டுப் பெட்டியின் பின்னால் எதனோடோ முறுக்கினார். சாவியைத் திருப்பியதும் தோகை எரிந்தது. என் மனைவி இடது கையை நீட்டி முருகனைத் தொட்டு அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தங்கை கற்பூரம் காட்டினாள். காருக்குள் புகை சூழ்ந்து மூவரும் இருமினோம்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மருத்துவமனை நாள்களில் கார் எடுக்கப்படாமலே நின்றதால் பேட்டரி இளைத்திருந்தது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே ஒரு காலை கார் கிளம்பவே இல்லை. பேட்டரிக்காரரை வரவழைத்துப் புதியது போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கீச்சொலி. மெல்லியது, கொசு காதருகே வருவதுபோல. என்ஜின் ஓடாதபோது இல்லை. என்ஜினைக் கிளப்பியதும் பாட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் மேலேறும், விட்டால் இறங்கும். பாட்டை நிறுத்தினாலும் ஸ்பீக்கரில் அது இருக்கும். வேறு யாராக இருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். என் மனைவி இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டாள். வலது காதைப் பொத்த அவளிடம் கை இல்லை. தலையைத் தோளோடு சாய்த்து அந்தக் காதை மூடப் பார்த்தாள். பாட்டின் இரண்டாவது வரி வந்தது, போனது. அவள் பாடவில்லை.

மறுநாளும் பாடவில்லை. அதற்கடுத்த நாள் உதடு அசைந்தது. கார் வேகம் எடுத்தது, கீச்சொலி ஏறியது, உதடு மூடிக்கொண்டது.

கருவி தப்பாகக் காட்டினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது. மாற்றியதைத் திரும்ப வைத்துப் பிழை திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதையே செய்தேன். கைப்பேசிக் கம்பியைக் கழற்றினேன். சத்தம் இருந்தது. பின்பக்கக் கேமராவின் இணைப்பைப் பிரித்தேன். இருந்தது. முன்கண்ணாடியில் ஒட்டிய பதிவுக் கேமராவை எடுத்தேன். இருந்தது. பேட்டரிக்காரர் மீண்டும் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பேட்டரி பெர்ஃபெக்ட் அங்கிள். ஒங்க காதுதான் ஓவர் ஷார்ப்பு."

"எனக்கில்ல. என் மனைவிக்கு."

அவர் முன்னிருக்கையில் காதைப் பொத்தி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பிறகு மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கி அவள் மடியில் வைத்துப் பார்த்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, எப்போதும் பாட்டு வரும் கதவையே பார்த்தாள். அவள் தங்கை வீட்டுக்காரரின் காரில் ஒருநாள் ஏற்றிப்போனோம். வழி முழுக்கக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்நியர் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தாள். எங்கள் கார்தான் வேண்டும். அதில் அந்தச் சத்தம் இருக்கக்கூடாது.

காக்கி புக்கிட்டில் எங்கள் காரை வழக்கமாகப் பார்க்கும் சீன மெக்கானிக்கிடம் போனேன். கூப்பிட்டால் 'ஹலோ பாஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றதெல்லாம் என்ஜினோடு பேசுகிறவர். ஆல்டர்னேட்டரைச் சோதித்தார். அது என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகம். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். அதில் குறையில்லை என்றார். நான் விடவில்லை. வேறொன்றைப் போடச் சொன்னேன். போட்டார். கிளப்பினார். கீச்சொலி அப்படியே இருந்தது.

அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். அவர் பிடுங்குவார், நான் கதவருகே காதை வைத்துக் கேட்பேன். சாலைக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் அரசுக் கருவியின் ஃபியூஸ் வந்தபோது, அதில் கை வைத்தால் அபராதம் என்று தலையாட்டினார். கடைசிக்கு முந்தியதைத் தொடப் போனவர், ஸ்டிக்கரைப் படித்துவிட்டு டேஷ்போர்டைப் பார்த்தார். அது சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ். முருகனின் தோகை எரிந்துகொண்டிருந்தது.

"திஸ் ஒன் யுவர் காட், பாஸ். ஐ டோன்ட் ஆஃப் லா."

உங்கள் சாமியை நான் அணைக்க மாட்டேன் என்கிறார். அவருடைய பட்டறைச் சுவரிலும் சிவப்பு விளக்கு இரண்டு வைத்த ஒரு சாமிமாடம் உண்டு. அது அணைந்து நான் பார்த்ததில்லை.

"யெஸ் யெஸ், நோ நீட்," என்றேன். அதைச் சொல்ல ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்க ஏதாவது இருப்பதாகவே தோன்றவில்லை. அவர் கடைசி ஃபியூஸுக்குப் போனார்.

அன்று திரும்பும்போது கட்டணக் கருவியின் மீது எனக்குச் சந்தேகம் முற்றியது. சோதிக்க முடியாமல் போனது அது ஒன்றுதான் என்று மனத்துக்குள் உறுதியாகச் சொல்லிக்கொண்டேன்.

வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. பயிற்சிப் பெண் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"ஆன்ட்டி பாடுறாங்களா அங்கிள்?"

"கார்ல ஒரு சத்தம். அத எடுத்துட்டா பாடிடுவா."

"ஓகே. பட் சூன் அங்கிள், சீக்கிரமா, கேன்?"

பாடாத நாள்களில் மற்றவையும் குறைந்தன. படம் காட்டிப் பெயர் கேட்கும் பயிற்சியில் முன்பு "இல்ல" என்று சொல்லிவிட்டுத் தலையை உலுக்கித் திரும்ப முயல்வாள். இப்போது "இல்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு அந்த "இல்ல"வும் அடிக்கடி வரவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். மனச்சோர்வாக இருக்கலாம் என்றார்; மூளையில் சின்னச் சின்னதாக மறுபடி அடைப்பு வந்திருக்கலாம் என்றும் சொன்னார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நான் தலையாட்டிக்கொண்டு, ஜாலான் புசார் பக்கம் காரின் பாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கடை இருப்பதாகக் கேள்விப்பட்டதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடைக்காரர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பல காலம் ஆனவர். தொப்பை, கழுத்தில் உருத்திராட்சம், காதில் ஒரு பென்சில்.

"அண்ணே, கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன். இது எர்த்து பிரச்சன."

"கண்ணத் தொறந்து பாத்தே சொல்லுங்களேன்."

"அண்ணே என்ன வாத்தியாரா?"

"வீட்டுக்காரிதான் டீச்சர்."

"அதான் பாத்தேன். அக்கா வாயத் தொறக்காம பாக்குறதுலயே அடி விழுது." முன்னிருக்கையில் இருந்தவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் தெரியாமல் சொன்னது. நான் திருத்தவில்லை.

வேலையைத் தொடங்குமுன் முருகனைத் தொட்டுக் கும்பிட்டார். "பளபளன்னு இருக்காரு. யாரு வச்சது?"

"கொழுந்தியா."

"புண்ணியவதி."

பாட்டுப் பெட்டியை வெளியே இழுத்தார். பின்னால் கம்பிகள் குடல்போல் தொங்கின. நான் டார்ச் பிடித்தேன். எர்த்துக் கம்பி என்பது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. அது காரின் இரும்பு உடம்போடு ஒழுங்காகப் பிடித்திருக்க வேண்டும். பெட்டியின் எர்த்துக் கம்பியை அவர் விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மெல்லிய சிவப்புக் கம்பி ஒன்று அதோடு முறுக்கிச் சேர்த்திருந்தது.

"இது எங்க போவுது?" இழுத்துப் பார்த்தார். டேஷ்போர்டின் மேல் முருகன் அசைந்தார். "ஓ. சாமி கம்பி." உடனே விட்டுவிட்டார். முறுக்கு தளர்ந்திருப்பதைப் பார்த்துக் கறுப்பு டேப் எடுத்து இன்னும் நன்றாகச் சுற்றினார். "அறுந்து கிறுந்து போச்சுன்னா மனசுக்குச் சங்கடம்."

"ஆமா ஆமா," என்றேன். டார்ச்சை இன்னும் கிட்டத்தில் பிடித்தேன்.

எல்லா ஸ்பீக்கர் கம்பிகளையும் மாற்றினார். கதவுத் தகட்டைக் கழற்றிப் பஞ்சு வைத்தார். பாட்டு முன்பைவிடத் தெளிவாக இருந்தது. அதனால் கீச்சொலியும் தெளிவாகக் கேட்டது. அவர் உருத்திராட்சத்தைப் பிடித்துக்கொண்டார்.

"காரே இப்படித்தாண்ணே. சில காருக்குப் பொறவிக் குணம்."

வீடு திரும்பும் வழியில் நான் பாட்டைப் போடவில்லை. அவளும் கதவைப் பார்க்கவில்லை.

பிறகு என் பெரியப்பா மகன் இறந்துபோனார். வயதானவர், ஈசூனில் இருந்தார். புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தி, மண்டாயில் எரித்துவிட்டு வந்தோம். பங்காளி என்பதால் எனக்கும் தீட்டு. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டில் சாமிக்கு விளக்கேற்றக்கூடாது. மண்டாயிலிருந்து வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, பூசை அலமாரியைச் சாத்தினேன். அவள் தங்கை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அத்தான், கார்ல எரியிற சாமியையும் அமத்திடுங்க. தீட்டுல எரியக்கூடாது."

அதுவும் சரிதான் என்று கீழே இறங்கிப் போனேன். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். தோகை அணைந்தது. துவைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்து முருகனை மூடினேன்.

மறுநாள் காலை அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். துக்கம் என்பதால் பாட்டு போடவில்லை. ஆனால் பெட்டி வழக்கம்போலத் தானே உயிர்பெற்றுப் பேசாமல் இருந்தது. புளோக்கைச் சுற்றி வெளியே வந்து பெட்டிர் சாலையில் வேகம் எடுத்தபோது ஏதோ குறைவதாக உணர்ந்தேன். எதை மறந்துவிட்டேன் என்று தேடினேன். அவளுடைய மாத்திரை? கைத்தடி? பிறகுதான் புரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். விட்டேன். மிதித்தேன். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை.

சாலையோரம் பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் காரை நிறுத்தினேன். நேற்றிலிருந்து இன்றுவரை மாறியது எது? ஒன்றுதான். கைக்குட்டையைப் பார்த்தேன். அந்தச் சிவப்புக் கம்பி, கறுப்பு டேப், என் கையிலிருந்த டார்ச் எல்லாம் வரிசையாக வந்தன. என்ஜினில் எழும் மின்சாரத்தின் அதிர்வு லைட்டர் துளை வழியாக விளக்குக்கு வந்து, விளக்கிலிருந்து அந்தக் கம்பி வழியாகப் பாட்டுப் பெட்டியின் எர்த்துக்குள் இறங்கியிருக்கிறது. எர்த்தைத் தனியே பிரித்திருந்தால் சரியாகியிருக்கும். ஒரு திருகாணி வேலை. காருக்குள் மின்சாரத்தில் ஓடுபவை எவையெவை என்று நான் போட்ட கணக்கில் அந்த விளக்கு இல்லவே இல்லை. அது சாமி. சாமியை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்திருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்த்தாள்.

துக்கத்தில் பாட்டு கேட்கக்கூடாது. எங்கள் பெரியப்பா மகன் மன்னிப்பார் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டேன். காரை மெதுவாக நகர்த்தினேன். புக்கிட் தீமா சாலைக்குள் நுழைந்தோம். பாட்டுக்கு அடியில் எதுவும் இல்லை. அவ்வளவு சுத்தமாக அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. பாடகி மூச்செடுப்பதுகூடக் கேட்டது. முதல் வரி முடிந்தது. தலையைத் திருப்பாமல் காத்திருந்தேன்.

இரண்டாவது வரியைப் பாடகி தனியாகவே பாடினாள்.

மறுபடி போட்டேன். நியூட்டன் சந்திப்பு வரை மறுபடி மறுபடி போட்டேன். அவள் காதைப் பொத்தவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. மூடியிருந்த கைக்குட்டையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சன்னலுக்கு வெளியே ஓடும் மரங்களைப் பார்த்தாள்.

சாமி மூடியிருப்பதால்தான் என்று நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தேன். அதுவரை ஒவ்வொரு காலையிலும் அந்தப் பாட்டு அந்தச் சுத்தத்தோடு ஓடியது. நேரமாகும், பொறுமை என்று பயிற்சிப் பெண் சொன்னார். இப்போதெல்லாம் "சூன்" என்று அவர் சொல்வதில்லை. அதைக் கவனித்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் கைக்குட்டையை எடுத்தேன். பிளக்கை மட்டும் செருகவில்லை. அவள் கையைப் பிடித்து முருகனைத் தொடவைத்தேன். அந்த விரல்கள் அங்கேயே தங்கின; கண்ணுக்குப் போகவில்லை. நான்தான் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன்.

ஆனால் சோதனை முடியவில்லை. கழற்றியதைத் திரும்ப வைத்துப் பார்க்காமல் எந்தப் பிழையையும் கண்டுபிடித்ததாக நான் எழுதியதில்லை. ரோச்சோர் பக்கம் ஒரு மின்சாதனக் கடையில் இந்தச் சத்தத்தை வடிகட்டும் சின்னப் பெட்டி ஒன்றையும் வாங்கிவந்திருந்தேன். அதை மாட்டுமுன், ஒரே ஒரு முறை, பழையபடி வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அவளை உட்காரவைத்தேன். என்ஜினைக் கிளப்பினேன். பாட்டைப் போட்டேன். பிளக்கைச் செருகினேன்.

தோகை பச்சையாக எரிந்து நீலமாக மாறியது. கீச்சொலி வந்து பாட்டுக்கு அடியில் உட்கார்ந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், ஏறியது. இன்னும் மிதித்தேன். எனக்கே காது கூசியது. அவள் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியில் கிடந்தது. சேலை மடிப்பின் மேல் ஒரு விரல் அசைந்தது, காற்றாலும் இருக்கலாம். காதுக்கு வரவில்லை. இரண்டாவது வரி வந்தபோது நான் பாடினேன். எனக்குச் சுருதி கிடையாது. முன்பெல்லாம் நான் வாயைத் திறந்தாலே அவள் "ஐயோ போதும்" என்பாள். வரி முழுவதையும் அவள் முகத்தைப் பார்த்தே பாடினேன். அவள் முருகனின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் மாறும்போது அவள் கண்ணிலும் அது மாறியது. வேறெதுவும் மாறவில்லை.

என்ஜினை நிறுத்தினேன். கார் நிறுத்துமிடத்தில் யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் காலைகள் இன்னும் அப்படியே நடக்கின்றன. பெட்டிர் சாலை, புக்கிட் தீமா சாலை, நியூட்டன், தேக்கா. சத்தம் ஒரு சோதனைக்காகத் திரும்ப வைக்கப்பட்டது, திரும்ப எடுக்கப்படவில்லை. அது அவளுக்குத் தொந்தரவாக இருப்பதாக ஒரு சிறு அடையாளம் தெரிந்திருந்தாலும் அந்த நிமிடமே கழற்றியிருப்பேன். தினமும் அந்தக் கையைப் பார்க்கிறேன். வடிகட்டி இன்னும் உறை பிரிக்கப்படாமல் முன்பெட்டியில், டிஷ்யூப் பொட்டலங்களுக்கு அடியில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை எங்களோடு பின்னிருக்கையில் வந்தாள். அக்காவின் தலைமுடியைப் பின்னாலிருந்தே வாரிக்கொண்டு வந்தாள். முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாட்டு வந்ததும் சீப்பை நிறுத்தினாள். இரண்டாவது வரி போகும்வரை அசையாமல் இருந்தாள்.

"அத்தான், அக்கா ஏன் இன்னும் பாட மாட்டேங்குது?"

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கீச்சொலி ஓடிக்கொண்டிருந்தது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது நன்றாகவே கேட்கும்.

"அந்தச் சத்தம் கேக்குதா?" என்றேன்.

அவள் காதைச் சாய்த்தாள். "ஆமா. கீன்னு."

"அதான்மா. அதனாலதான்."

"இன்னுமா கண்டுபுடிக்கல? சீக்கிரம் பாருங்க அத்தான். அது போயிட்டா அக்கா பாடிரும்ல?"

"பாடிருவா," என்றேன். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் சீப்பை மறுபடி எடுத்தாள். சாலை விளக்கு பச்சையானது. நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், அது மேலேறியது.